மங்கல மஞ்சளும் மாசற்ற மஞ்சளும்

மஞ்சள் இல்லாத மங்கலம் நம் இல்லங்களில் இல்லை. பிள்ளையார் பிடிப்பதற்கும், தாலிச்சரட்டில் பூசுவதற்கும், அம்மன் அபிஷேகத்திற்கும் மஞ்சளே முதற்பொருள். ஆரத்தித் தட்டின் மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்ந்ததும் அது செந்நிறம் கொள்வதைக் காணாத பாட்டிமார் இலர். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் மீண்டும் மஞ்சளாகும்.

தமிழகத்தில் மஞ்சளுக்குப் பெயர்பெற்ற மண் ஈரோடு. 2019ஆம் ஆண்டில் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. அதில் குர்குமின் ஏறத்தாழ 2.5 முதல் 4.5 சதவீதம் வரை உண்டு. மேகாலயத்தின் லகடாங் மஞ்சளில் அது 7 சதவீத அளவை எட்டும். எஞ்சியதில் பெரும்பகுதி மாவுச்சத்து. மணத்தைத் தருவது அதிலுள்ள எண்ணெய். ஆகவே நல்ல மஞ்சளின் நிறமும் மண்ணுக்கு மண் வேறுபடும். கண்ணைப் பறிக்கும் நிறமே தூய்மைக்குச் சான்றாகாது.

இவ்வுண்மையை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துப் பெரியோர் எளிதில் உணர்வர். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட நாட்டில், பின்னர் குரோமிய உப்புகள் வந்தன. கழிவு நீரால் பாலாறும் கிணறுகளும் கெட்டன. மாசு செய்தோரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தக் குரோமியம், ஈயத்தோடு கூடி, அதனினும் கொடிய வடிவில் மஞ்சளிலும் புகுவதுண்டு. மங்கிய கிழங்கைப் பளபளப்பாக்க ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் நிறப்பொடியைச் சிலர் பூசுகின்றனர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது. பூசைக்கென வாங்கிய மஞ்சளே சமையலுக்கும் செல்வதால், பேரக் குழந்தைகளின் உணவிலும் அது கலந்துவிடும்.

விரலி மஞ்சளை நீரிலிட்டவுடன் நிறம் கரைந்து பரவுமாயின் ஐயுற வேண்டும். தூளை நீரில் தூவினால், நல்லது அடியில் படிந்து மேல்நீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். நீர் முழுதும் அடர்மஞ்சளாயின் சாயக் கலப்பு இருக்கக்கூடும். உறுதியாக அறிய ஆய்வகச் சோதனையே வழி. மிகுந்த பளபளப்பில்லாத விரலியை வாங்கி, கழுவி உலர்த்தி, இல்லத்திலேயே அரைத்துக்கொள்வது நலம். இறைவனுக்குச் சாத்துவதும் இல்லத்தார் உண்பதும் ஒரே தூய்மையுடன் அமைதல் வேண்டும்.