மருந்தின் அளவும் மக்களின் வறுமையும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிற் கடைசல் வேலை செய்த எம் அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவர்க்கு வாயிற் புற்றுக் கண்டது. நெடுங்காலம் புகையிலை மென்றவர். நோய் முற்றிய பின்னரே மருத்துவரிடம் சென்றார். உடலின் எதிர்ப்பாற்றலைக் கொண்டே புற்றை ஒடுக்கும் மருந்தொன்று உண்டெனக் கேள்வியுற்று, அதன் விலையையும் கேட்டுத் திரும்பிய அவர் மனைவியார், பின்னர் அதைப்பற்றி வாய் திறந்தாரல்லர்.

அம்மருந்து யாது? நம் குருதியிலுள்ள ‘டி’ அணுக்கள் பகையைத் தேடி அழிக்கும் காவலர் போல்வன. அவை நம் உடலையே தாக்காதிருத்தற்பொருட்டு இயற்கை அவற்றிற்குச் சில தடைகளை அமைத்துள்ளது. புற்று அத்தடையை அழுத்திக் காவலரை வாளாவிருக்கச் செய்கின்றது. அத்தகைய தடையொன்றை 1992-இல் ஜப்பானிய அறிஞர் தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடத்தார் கண்டனர். 2018-இல் அவர்க்கும் அமெரிக்கராகிய ஜேம்ஸ் ஆலிசனுக்கும் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அத்தடையை விலக்கும் மருந்துகளுள் ஒன்றே நிவோலுமாப்.

வறிய நாடுகளில், தலை கழுத்துப் புற்று முற்றியவருள் இவ்வகை மருந்தைப் பெறுவோர் நூற்றுக்கு மூவர்க்கு மேல் இலர். இந்நிலையில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் ஒரு சோதனை செய்து, 2022-இல் அதன் முடிவை வெளியிட்டனர். நோய் முற்றிய 151 பேர்க்கு வாய்வழி மாத்திரைகள் கொடுத்து, அவருட் பாதிப்பேர்க்கு மட்டும் மூன்று வாரத்துக்கொருமுறை நிவோலுமாப் 20 மில்லிகிராம் சேர்த்தனர். வழக்கமான அளவோ இரு வாரத்துக்கு 240. ஆறு வாரக் கணக்கில் 720-க்கு 40, அஃதாவது பதினெட்டில் ஒரு பங்கு! மாத்திரை மட்டும் பெற்றவருள் ஓராண்டு கடந்து வாழ்ந்தோர் நூற்றுக்கு 16.3, நிவோலுமாபும் பெற்றவருள் 43.4.

‘ஏழைக்குக் கால்மருந்தோ?’ எனச் சிலர் வெகுள்வர். யானும் முதற்கண் வெகுண்டேன். ஆயின் அத்தடைகளைப் பற்றுதற்குச் சிற்றளவே போதும் என்பது முன்னை ஆய்வுகளாலும் புலனாயது. (மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவரும் அளவைப்பற்றியே மிகுதியும் பேசுகின்றார், அஃது உணவின் அளவு என்பது வேறு.) எனினும் இச்சோதனை சிற்றளவை மருந்தின்மையோடு ஒப்பிட்டதேயன்றி முழு அளவோடு ஒப்பிட்டதன்று. அவ்வொப்பீட்டைச் செய்வார் யார்? குறைவாக விற்பதற்கு வழிதேட விற்போர் பொருள் செலவிடார். ஆதலின் பொதுப்பணத்தாலேயே அது நடைபெறல் வேண்டும். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாற்றில் நிறுவிய புற்றுநோய் நிலையம் போன்றவற்றிற்கு அரசினர் இதற்கெனவே பொருளுதவுதல் தகும். இக்கல்லூரியிற் பயின்று இன்று மருத்துவத்துறையிலும் அரசாங்கத்திலும் அமர்ந்துள்ள மூத்தோர் இதனைக் கேட்டு வற்புறுத்துவாராக.

அன்று கேட்ட விலை பதினெட்டில் ஒரு பங்காக இருந்திருப்பின், அவ்வம்மையார் திண்ணையில் அமர்ந்து கணக்கேனும் போட்டுப் பார்த்திருப்பார்.