நோர்தாம்டன் தந்த தீர்ப்பு

ஒரு தொகுதியின் மக்கள் தமக்கு ஏற்றவரெனத் தேர்ந்தனுப்பிய அங்கத்தவரை, ஏனைய தொகுதிகளின் அங்கத்தவர்கள் ஒன்றுகூடி, “இவர் எமக்கு ஏற்றவரல்லர்” என்று வாயிலிலேயே தடுத்து நிறுத்தலாமா? பாராளுமன்ற ஆட்சியின் தாயகமெனப் போற்றப்படும் பிரித்தானியாவிலே இக்கேள்வி 1880 முதல் 1886 வரை விடையின்றிக் கிடந்தது. அதனை விடாது எழுப்பிக்கொண்டிருந்தவர்கள் நோர்தாம்டன் நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளர்களே. 1947இல் தொடங்கிய நமது பாராளுமன்றம் தன் நடைமுறைகளுட் பலவற்றை அச்சபையினிடமிருந்தே பெற்றுக்கொண்டது. ஆதலின் அதன் பெருமையை அறிந்த நாம் அதன் சிறுமையையும் அறிந்திருத்தல் தகும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பழைய சந்தை நகரம் நோர்தாம்டன். பதின்மூன்றாம் நூற்றாண்டு தொட்டு இரு அங்கத்தவர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவந்த தொகுதி அது. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன்னர், பல நகரங்களில் வாக்குரிமை சில கனவான்களின் கைப்பொருளாயிருந்தது. இங்கோ தன் சொந்த அடுப்பில் உலைவைத்து உண்ணும் குடித்தனக்காரன் எவனும், தரும உதவி பெறாதவனாயின், வாக்களிக்கலாம். வாக்காளர் தொகை பெருகவே, வாக்கின் விலையும் பெருகியது! 1768ஆம் ஆண்டுத் தேர்தலில் மூன்று பிரபுக்கள் தத்தம் ஆட்களை நிறுத்திச் செல்வத்தை நீராய் இறைத்தனர். ‘ஊதாரித் தேர்தல்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. 1812இல் பாராளுமன்ற முன்கூடத்திலே சுட்டுக் கொல்லப்பட்ட பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல் இத்தொகுதியின் அங்கத்தவர். தொழிற் கட்சியின் முதற் பெண் அங்கத்தவர் மூவருள் ஒருவரான மார்கரெட் பொண்ட்பீல்ட் அம்மையாரை 1923இல் அனுப்பியதும், மறு ஆண்டே வீட்டுக்கு அனுப்பியதும் இதே தொகுதிதான். 1918இல் ஓரங்கத்தவர் தொகுதியாகக் குறைக்கப்பட்டு, 1974இல் வடக்கு, தெற்கு என இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. 2024இல் இரண்டையும் தொழிற் கட்சியே வென்றது. இவை ஒருபுறமிருக்க, நாம் சொல்ல வந்த கதைக்கு வருவோம்.

சார்ள்ஸ் பிராட்லா என்பார் கடவுள் இல்லையென்று மேடைதோறும் முழங்கியவர். முடியாட்சி வேண்டாம் என்றவர். 1880களில் சென்னையிலே ‘தத்துவ விவேசினி’ என்னும் தமிழ் ஏட்டை நடத்தியோர்க்கும் அவரது இயக்கமே வழிகாட்டி. 1868இல் ஒருமுறையும் 1874இல் இருமுறையும் நோர்தாம்டனில் நின்று தோற்ற அவர், 1880 ஏப்ரலில் 3,827 வாக்குகளுடன் இரண்டாம் அங்கத்தவராகத் தெரிவானார். 4,158 வாக்குகளுடன் முதலாமவராக வந்தவர் ஹென்றி லபூஷேர். தாமும் பெரிய பக்திமானல்லராயினும், ‘நோர்தாம்டனின் கிறிஸ்தவ அங்கத்தவர்’ என்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்ட குறும்பர் இவர்!

கடவுளின் பெயராற் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதிக்குமாறு பிராட்லா கேட்டார். மறுத்தார்கள். அப்படியாயின் சத்தியமே செய்கிறேன் என்றார். “கடவுளை நம்பாதவன் செய்யும் சத்தியம் சத்தியமாகுமா?” என்று அதனையும் மறுத்தார்கள். சத்தியத்தில் வரும் கடவுள் என்னும் சொல் தமக்குப் பொருளற்றதென அவர் பகிரங்கமாக எழுதியமை எதிரிகளுக்கு வாய்ப்பாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் றண்டோல்ப் சேர்ச்சில் பிரபுவும் அவர்தம் தோழர்களும் கொண்ட பக்தியிற் பாதி, பிரதமர் கிளாட்ஸ்டனைத் தொல்லைப்படுத்தும் ஆசையே என்பது எமது துணிபு. கிளாட்ஸ்டனோ ஆழ்ந்த கிறிஸ்தவர். அவரே பிராட்லாவின் உரிமைக்காகப் பேசினார்.

1880 ஜூனில் பிராட்லா மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஓரிரவு சிறைவைக்கப்பட்டார். ஜூலையில், சட்ட விளைவு தம்மைச் சார்ந்ததென்ற நிபந்தனையுடன் உறுதிமொழி கூறி அமர்ந்தார். 1881 மார்ச்சில், அவ்வாறு அமர அவருக்கு உரிமையில்லையென நீதிமன்றம் தீர்த்தது. ஆசனம் வெற்றிடமாயிற்று. அளித்த வாக்கு ஒவ்வொன்றுக்கும் 500 பவுண் தண்டம் என்ற வழக்கும் அவர் தலைமேல் தொங்கியது.

நோர்தாம்டன் என்ன செய்தது? 1881 ஏப்ரல் இடைத்தேர்தலில் 3,437 வாக்குகளால் அவரையே திருப்பியனுப்பியது. எதிரி பெற்றவை 3,305. சபை மீண்டும் கதவை மூடியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், முன்னாட் குதிரைப்படை வீரரான அந்த ஆஜானுபாகுவை ஏவலாளரும் பொலிசாரும் கூடி, மேலங்கி கிழியப் படிகளில் இழுத்து வெளியே தள்ளினர். 1882 பெப்ரவரியில் அவர் சபைக்குள் நடந்து சென்று, வேதப் புத்தகமொன்றைச் சட்டைப்பையினின்றும் எடுத்துத் தாமே சத்தியம் செய்துகொண்டார். சபை அவரை வெளியேற்றியது. மார்ச்சில் நோர்தாம்டன் மீண்டும் அவரையே அனுப்பியது. 1883இல் உறுதிமொழியை அனுமதிக்கும் மசோதா மூன்றே வாக்குகளால் தோற்றது. 1884இல் மீண்டும் ஓர் இடைத்தேர்தல். 4,032 வாக்குகளுடன் மீண்டும் பிராட்லா!

முதல் முறை 132, அடுத்த முறை 108, மூன்றாம் முறை 368: இவையே அம்மூன்று இடைத்தேர்தல்களிலும் அவர் பெற்ற பெரும்பான்மைகள். நகரம் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிளவுண்டிருந்தது என்பதையன்றோ இவ்வெண்கள் காட்டுகின்றன? அவருக்கு வாக்களித்தோருட் பலர் ஞாயிறுதோறும் தேவாலயம் சென்றவர்கள். அவரது நாத்திகத்தை அவர்கள் ஏற்றனர் என்பதை நாம் நம்பவில்லை. தம் ஊரின் ஆசனத்தை இலண்டனில் வேறெவரோ காலியாக்குவதை அவர்கள் ஏற்கவில்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்களிப்பு இரகசியமாயிருந்தமையும் அவர்களுக்குத் துணைநின்றிருக்கும். முதலாளியின் முகம் பார்த்துக் கையுயர்த்தும் பழைய முறையில் 108 என்னும் மயிரிழை அறுந்தே போயிருக்கும்.

நமது விவசாயப் பெருமக்கள் இங்கு மற்றொன்றையும் நோக்குவாராக. 1884இல் கிராமங்களிலுள்ள குடித்தனக்காரரான பண்ணைத் தொழிலாளருக்கு வாக்குரிமை வழங்கியது இதே பாராளுமன்றந்தான். ஒரு கையால் இலட்சக்கணக்கானோருக்கு வாக்கை நீட்டிய சபை, மறு கையால் நாலாயிரம் பேரின் வாக்கைத் துடைத்தெறிந்தது! நீதிமன்றமும் அவ்வாண்டு கைவிரித்தது. சபைக்குள் நடப்பதைச் சபையே தீர்மானிக்கும், நாம் தலையிடோம் என்றது. வாக்காளருக்கு எஞ்சியிருந்த ஒரே நீதிமன்றம் வாக்குப்பெட்டி.

1885 பொதுத் தேர்தலிலும் பிராட்லா தெரிவானார். 1886 ஜனவரி 13ஆம் நாள் புதிய பாராளுமன்றம் கூடியபோது, ஆட்சியிலிருந்தது கொன்சர்வேட்டிவ் கட்சி. தலையிடுமாறு அக்கட்சித் தலைவர் கேட்டும், சபாநாயகர் ஆதர் பீல் மறுத்தார். சட்டப்படி சத்தியம் செய்ய வரும் அங்கத்தவருக்கும் அவர் கடமைக்குமிடையே குறுக்கிட எவருக்கும் உரிமையில்லை என்றார். பிராட்லா சத்தியம் செய்து அமர்ந்தார். சில நிமிடங்களில் முடிந்த காரியம்! 1880இல் இருந்த சபாநாயகர் இவ்வுறுதியைக் காட்டியிருப்பின், ஆறாண்டு அலங்கோலம் நேர்ந்திராது. யூதரான றொத்சைல்டை 1847 முதல் பதினோராண்டு வாயிலில் நிறுத்தி, 1858இல் உள்ளே அழைத்த சபை அந்தப் பாடத்தையும் மறந்திருந்தது.

1888இல் பிராட்லா கொண்டுவந்த மசோதாவே, சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறும் உரிமையை யாவருக்கும் சட்டமாக்கியது. 1889இல் அவர் பம்பாய்க் காங்கிரஸ் மகாநாட்டுக்குச் சென்றார். இந்தியாவுக்காகச் சபையில் ஓயாது பேசினார். 1891 ஜனவரி 27ஆம் நாள், தம்மைத் தடுத்த 1880ஆம் ஆண்டுத் தீர்மானத்தைச் சபை தன் பதிவேட்டினின்றும் நீக்கியபோது, அவர் மரணப் படுக்கையிலிருந்தார். மூன்று நாட்களில் உயிர் பிரிந்தது. அடுத்த மாதம் நடந்த இடைத்தேர்தலில் நோர்தாம்டன் மக்கள் சப்பாத்துத் தொழிலதிபர் ஒருவரைத் தெரிந்து அனுப்பினர். அவரைச் சபை ஒரு கேள்வியுமின்றி ஏற்றுக்கொண்டது.