'குடும்பத்துக்காக' நடந்தால் நாலு நாள்தான்!

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று எந்தப் பெண் டாக்டரிடம் போனாலும் ஒரே வசனம்தான் காதில் விழுகிறது. "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா வீட்டை யாரு பாக்கறது? குடும்பத்துக்காகவாவது தினமும் நடங்கம்மா!" சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் நம் பெண்கள் ஆரம்பிக்கிற நடைப்பயிற்சி பத்தே நாளில் நின்று போவதற்கு இந்த வசனமே பாதிக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

யோசித்துப் பாருங்கள். குடும்பத்துக்காக நடக்கிறேன் என்று கிளம்புகிறோம். மறுநாள் பையனுக்குப் பரீட்சை, சீக்கிரம் சாப்பாடு கட்ட வேண்டும். குடும்பத்துக்காக அன்றைக்கு நடை இல்லை. அதற்கடுத்த நாள் மாமியாருக்குக் காய்ச்சல். அப்புறம் குழாயில் தண்ணீர் வருகிற நாள், சிலிண்டர் வருகிற நாள், ஊரிலிருந்து நாத்தனார் வருகிற நாள். எல்லாமே குடும்பத்துக்காகத்தான்! என்றைக்கோ வரப்போகிற வியாதியை விட, இப்போது கொதிக்கிற உலைதானே பெரிசாகத் தெரியும்? இதற்குப் போய் "மனசிருந்தால் மார்க்கம் உண்டு, உனக்கு மனசில்லை" என்று நம்மையே குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

பயமுறுத்துவதும் அப்படித்தான். சர்க்கரை வியாதியால் என் அம்மாவுக்குக் காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அப்போது சொந்தக்காரர்கள் அத்தனை பேர் வீட்டிலும் காபியில் சர்க்கரை கிடையாது. அம்மாவின் காயம் ஆறியது. சொந்தக்காரர்களின் பயமும் கூடவே ஆறிவிட்டது.

எங்கள் தெருவில் இரண்டு வருஷமாக விடாமல் நடக்கிற ஒரு அக்கா இருக்கிறார். வயது நாற்பத்தைந்து இருக்கும். கொஞ்சம் கனத்த சரீரம், முழங்கால் வலி வேறு. அவரிடம் கேட்டேன். "பழனிக்குப் போனா எல்லாரும் படியேறிப் போறாங்க, நான் மட்டும் வின்ச்சுக்கு வரிசையில நிக்கறேன். ஒரு தடவையாவது நானும் ஏறிப் போகணும்டி. அதுக்குத்தான்" என்றார். யாருக்காகவும் இல்லை, அவருக்கே அவருக்கான ஆசை. போன தைப்பூசம் கழிந்து கூட்டம் குறைந்ததும் யானைப்பாதையில் நின்று நின்று ஏறிவிட்டார். இப்போது அடுத்ததாக வேறு ஏதோ மலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு விஷயம். அவர் நடப்பதற்கென்று தனியாகக் கிளம்புவதில்லை. மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே நடக்கிறார். வீட்டுக்குள் காலை வைத்தால் ஒரு வேலை இழுத்துப் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே நடந்த நாளுக்கு ஒரு சுழி போடுகிறார்.

இது எவ்வளவு சரி என்று ஒரு ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. லண்டனில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையை ஒட்டிப் புதுப் பழக்கத்தைத் தினமும் செய்யச் சொன்னார்கள். அது தன்னால் வரும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆயிற்றாம். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் கூட ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாம் ஒரு மண்டலம், 48 நாள் என்று வைத்துக்கொண்டு, அதற்குள் பிடிபடவில்லை என்றால் நமக்கு லாயக்கில்லை என்று விட்டுவிடுகிறோம். நடுவில் ஒரு நாள் விட்டுப் போனதால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரிந்ததுதான். விரதமா என்ன, ஒரு நாள் முறிந்தால் மொத்தமும் முறிவதற்கு!

செல்போனில் 10,000 அடி கணக்குப் பார்த்து மனசு விட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்த எண்ணே 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி, அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி உழைப்பு. தினம் அரை மணி வீதம் ஐந்து நாள்.

எடை மெஷினையும் தினமும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. உப்பு கூடினாலும், மாதவிலக்கு நெருங்கினாலும் ஒரு கிலோ ஏறிக் காட்டும். சர்க்கரைக்கு எடுக்கிற ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்வது. ஏனென்றால் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். 5.7-க்குக் கீழே இருந்தால் சரி, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. நடுவில் இருக்கிறவர்கள்தான் நாம் பலர். மூன்று மாதம் கழித்துப் பார்க்க வேண்டிய பலனை மூன்றாம் நாள் தேடினால் கிடைக்குமா?

எழுந்திருக்கவே முடியவில்லை என்கிற சகோதரிகள் முதலில் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 15 முதல் 49 வயது வரை பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறவளைப் பார்த்து 'சோம்பேறி' என்று சொல்வது பாவம். இரும்புச் சத்து குறைந்தால் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு கூடத் தப்பாகக் காட்டக்கூடும் என்பதால், டாக்டரிடம் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே?" என்று கேட்கிற ஆண்களுக்கு ஒரு வார்த்தை. குடம் தூக்குவதும் கல்லில் துவைப்பதும் உழைப்புதான், மறுக்கவில்லை. மிக்சியும் வாஷிங் மெஷினும் வந்த பிறகு பல வீடுகளில் மிச்சமிருப்பது அடுப்படியில் நிற்கிற வேலை. கால் கடுக்கும், மூச்சு வாங்காது. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் செலவிடுகிறார்கள். 289-லிருந்து ஒரு முப்பதை எடுத்து 88-ல் சேர்த்தால் யாரும் இளைத்துப் போய்விட மாட்டார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுவது இவர் வேலை என்று முடிவான பிறகுதான் எனக்கு அந்த அரை மணி நிலைத்தது. 6.2 ஆக இருந்தது எட்டு மாதத்தில் 5.8-க்கு வந்திருக்கிறது.

நாலரை மணிக்கு எழுந்தால் நேரம் கிடைக்கும் என்று சில பெண்களே யோசனை சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தூக்கத்தைத் திருடி ஆரோக்கியம் தேட முடியாது. இருட்டில் தெருநாயும் செயின் பறிக்கிறவனும்தான் துணைக்கு வருவார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, ஒன்பது மணிக்கு மேல்தான் இல்லத்தரசிக்குக் கொஞ்சம் கை ஓயும். அந்த நேரத்துக்குப் போனால் எங்கள் ஊர்ப் பூங்கா கேட்டில் பூட்டுத் தொங்குகிறது. காலை 5 முதல் 9 வரைதான் அனுமதியாம். அந்த நாலு மணி நேரமும் நாங்கள் அடுப்படியில் இருக்கிறோம். இது போன்ற பூங்காக்களைக் காலை 11 மணி வரை திறந்து வைக்க அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். நிழலுக்கு இரண்டு மரமும், ஒரு கழிப்பறையும் இருந்தால் இன்னும் நல்லது.

- ஓர் இல்லத்தரசி