மக்கும் குண்டாம்ல!

திருவிழாக் கடையில விக்கிற பொம்மைத் துப்பாக்கி தெரியும்ல? 6 மி.மீ. குண்டு போட்டு அடிக்கிறது. வெளிநாட்டுல இதுக்கு ஏர்சாஃப்ட்னு பேரு. பெரிய ஆளுங்களே உடுப்பு மாட்டிக்கிட்டு காட்டுக்குள்ள சுட்டு விளையாடுறாங்க. எங்க கோவில்பட்டியில செண்பகவல்லி அம்மன் கோவில் பங்குனித் திருவிழா முடிஞ்சா தெருவெல்லாம் இந்தக் குண்டுதான். புலம்பினா கடைக்கார அண்ணாச்சி முதல் கூடப் படிச்ச இன்ஜினியர் வரைக்கும் ஒரே பதில்: "பாக்கெட்டுல பயோன்னு போட்டிருக்கே, மக்கிரும்."

மக்காதுங்க. கணக்கு போட்டே சொல்றேன்.

நகைக்கடைத் தராசுல 100 குண்டு எடை போட்டேன். 12 கிராம். 5.95 மி.மீ. விட்டமுள்ள உருண்டையோட கொள்ளளவு 0.11 கன செ.மீ. அப்போ அடர்த்தி 1.09. மக்காச்சோள மாவுல இருந்து செய்யிற பி.எல்.ஏ.வுக்கு அடர்த்தி 1.24, அதே 100 குண்டு பதிமூன்றரை கிராமுக்கு மேல நிக்கணும். 1.05-ஐ ஒட்டி இருக்கிறது பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்.ஸும். அதாவது பேனா மூடி, சுவிட்ச் பெட்டி வகையறா.

தராசு இல்லையா? தூத்துக்குடி உப்பு இருக்கே! டம்ளர் தண்ணியில இனி கரையாதுங்கிற வரைக்கும் உப்பைப் போடுங்க. அந்தத் தண்ணியோட அடர்த்தி 1.2. குண்டை ரெண்டா வெட்டிப் போடணும், உள்ள காத்துக் குமிழ் இருந்தா ஏமாத்திரும். பி.எல்.ஏ. மூழ்கும், ஸ்டைரீன் சாதி மிதக்கும். நான் வாங்கின 'பயோ' ஜம்முனு மிதந்துச்சு. (0.20 கிராம் குண்டுக்கு இந்தச் சோதனை ஆகாது. அதுல எடைக்காக தாதுப்பொடி கலந்திருப்பாங்க. அடர்த்தி 1.8, வெறும் பிளாஸ்டிக்கா இருந்தா அவ்வளவு எடை வராது.)

சரி, நிஜமாவே பி.எல்.ஏ.ன்னே வச்சுக்குவோம். அது மக்க 60 டிகிரி கிட்ட சூடு வேணும், கூடவே ஈரமும் வேணும், அதுவும் வாரக்கணக்குல. "நம்மூரு வெயிலே போதுமே"ங்கிறார் நண்பர். வெயில் இருக்கு சரி, சித்திரையில ஈரத்துக்கு எங்க போக? தண்ணிதான் முதல்ல அந்தச் சங்கிலியை அறுக்கணும். கரிசல் மண்ணு கோடையில கை நுழையிற அளவு வெடிக்கும், மழை பெஞ்சா மூடிக்கும். வெடிப்புல விழுந்த குண்டு உளுந்துக்கும் பருத்திக்கும் அடியில போய் உக்காந்துக்கும். பொறுக்கவும் முடியாது.

இதுல கடுப்பேத்துற விஷயம், 2022 ஜூலை 1-லிருந்து பலூன் குச்சிக்கு நாடு முழுக்கத் தடை. அதே கடையில, ஒரு தடவை சுட்டதும் தொலைஞ்சு போற இந்தக் குண்டு அந்தப் பட்டியல்லயே இல்ல. பலூன் குச்சியையாவது குனிஞ்சு எடுத்துரலாம்யா!

பி.கு: தீப்பெட்டி ஊர்க்காரன்தானேன்னு கொளுத்திப் பாத்துராதீங்க. ஸ்டைரீன் கரும்புகை கக்கும், மூச்சுக்கு ஆகாது. உப்புத் தண்ணியே போதும்.