பழகிவிடுமாம்!

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். நிம்மதியாகத் தூங்குகிறவரை 'மொர்ஃபேயின் கைகளில் இருக்கிறார்' என்பார்கள். மொர்ஃபே கிரேக்கர்களின் கனவுத் தெய்வம். மார்ஃபினுக்குப் பெயர் வந்தது அவரிடமிருந்துதான்.

என் அக்காவுக்கு அந்தக் கைகள் கிடைக்கவில்லை. 2011-ல் குடல் புற்றுநோய். இரவெல்லாம் முனகல், கொடுத்ததோ பாராசிட்டமால். "மார்ஃபின் கொடுக்கக் கூடாதா?" என்று டாக்டரைக் கேட்டேன். "பழகிவிடும் சார்" என்றார். இரண்டு மாதம் தாண்டாது என்று சொன்னவரும் அவரேதான்! பழகினால்தான் என்ன?

இந்தப் பயம் எங்கே பிறந்தது என்று குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தெரியும். 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்தது. மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள்; தப்பு நேர்ந்தால் 10 வருஷம் சிறை. எந்த மருந்துக்கடைக்காரர் வாங்கி வைப்பார்? இத்தனைக்கும் அபின் விளைவது நம் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும், அரசாங்க உரிமத்தோடு. வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி செய்கிறோம்.

நான் மாஹேயில் வேலை பார்த்தபோது கண்டது வேறு. சக ஊழியரின் அம்மாவுக்கு மார்பகப் புற்று. கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் 1993-ல் தொடங்கிய அமைப்பிலிருந்து மார்ஃபின் மாத்திரை வாங்கி வருவார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. மலச்சிக்கலுக்குத் தனி மருந்து. அந்த அம்மா போதையில் உளறவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார், பேரனை அதட்டினார்.

அமெரிக்காவில் முதுகுவலிக்கெல்லாம் இப்படிப்பட்ட மாத்திரைகளை அள்ளிக் கொடுத்துப் பலர் அடிமையானார்களே என்பீர்கள். உண்மைதான். அதற்காகத்தான் டாக்டர் பார்த்து, அளவு பார்த்து, கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கு எழுதுவது வேறு, அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தொலைப்பது வேறு.

2014-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகளுக்கு வழியை எளிதாக்கிவிட்டார்கள். நம் மனசுதான் இன்னும் 1985-லேயே நிற்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது புற்றுநோய் வலியில் துடித்தால், கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லையென்றால், எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். மாஹேயில் கண்ணால் பார்த்த நானே, டாக்டர் "பழகிவிடும்" என்றதும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மேலதிகாரி சொன்னால் மறுபேச்சுப் பேசாத குமாஸ்தா புத்தி.

அதற்குப் பிறகு அக்கா 18 நாள் இருந்தார். முனகல் கடைசி நாள்தான் நின்றது.