கடல் தாண்டி வரும் கனி

பாச்சாங் என்பது மலாய்மொழியில் ஒரு கனியின் பெயர். மாமர இனத்தைச் சேர்ந்த அக்கனி நாரும் கடுமணமும் மிக்கது. அப்பெயர் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு, சென்ற ஆண்டு ஒருநாள் நான்காம் ஆண்டு மாணவரிடம் பத்துப் பழங்களின் பெயரை எழுதுமாறு பணித்தேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் ஸ்ட்ராபெரி இருந்தது. பாச்சாங் ஒரு தாளிலும் இல்லை.

பிள்ளைகளைக் குறைகூற எனக்கு வாயில்லை. அங்காடியில் கண்டதை அவர்கள் எழுதினர். அங்கே கொரியாவிலிருந்து வந்த ஸ்ட்ராபெரி சிறு பெட்டிகளில் பளபளக்கிறது. கேமரன் மலையில் விளைந்தது அதன் அருகே ஒதுங்கிக் கிடக்கிறது. இக்காட்சியை முன்னேற்றம் என்பார் பலர். நான் எச்சரிக்கை என்பேன்.

அக்கனியின் இயல்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாழையைப்போல் காயாகப் பறித்துப் பழுக்கவைக்க அதனால் இயலாது. செடியிலேயே கனிந்தபின் கொய்து, உறைநிலையை ஒட்டிய குளிரில் வைத்தாலும் ஏறத்தாழ ஒரு வாரமே தாங்கும். ஆதலின் வானூர்தியில் வருகிறது. தோட்டம், குளிரறை, வானூர்தி, சுங்கம், லாரி, கடை என்னும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பெட்டிக்குள் எஞ்சுவது குப்பையே. 2020 மார்ச்சு 18இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. உலகெங்கும் பயணிகள் வானூர்திகள் தரையிறங்கி நின்றன. வான்வழிச் சரக்கில் பெரும்பங்கு அவ்வூர்திகளின் அடியறையில் வருவதாகையால், சரக்குக்கு இடம் அருகிற்று, கூலி ஏறிற்று.

“ஸ்ட்ராபெரி இல்லாவிட்டால் எவர் பட்டினி கிடப்பார்?” என்று வினவுவோர் உளர். ஒருவரும் கிடக்கமாட்டார். ஆனால், ‘காசிருந்தால் எதுவும் கிடைக்கும்’ என்னும் எந்த எண்ணம் அக்கனியை நம் மேசைக்குக் கொணர்கிறதோ, அதே எண்ணம்தான் நம் வெங்காயத்தையும் அரிசியையும் ஆள்கிறது. என் சினம் பழத்தின்மீதன்று, அவ்வெண்ணத்தின்மீது.

நாம் தாளிக்கும் வெங்காயம் அநேகமாக முழுவதும் இறக்குமதி. இந்தியா 2019 செப்டம்பரிலும், மீண்டும் 2020 செப்டம்பரிலும் வெங்காய ஏற்றுமதியைத் தடுத்தது. 2023 டிசம்பர் 8இல் மூன்றாம் முறையாகக் கதவை அடைத்தது. 2024 மே 4இல்தான் திறந்தது. இடையே ஏப்ரலில், ஆறு நாடுகளுக்கு மட்டும் 99,150 டன் அனுப்ப இசைந்ததாக அறிவித்தது. அப்பட்டியலில் மலேசியா இல்லை. அவ்வாண்டின் பொங்கல் அந்தத் தடைக்காலத்தில்தான் வந்தது. நம்மிடம் காசு இல்லையா? இருந்தது. விற்பவன்தான் விற்கவில்லை.

அரிசிக்கும் அதே கதை. 2023 சூலை 20இல் இந்தியா பாசுமதியல்லாத வெள்ளரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் முதல் நாளில் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. மக்கள் விலை குறைந்த உள்நாட்டரிசியை நாடினர். அதுவும் கடைகளில் அரிதாயிற்று.

இதற்காக இந்தியாவைப் பழித்தல் முறையன்று. தன் குடிகளின் அடுப்பை முதலில் எண்ணுவது எந்த அரசுக்கும் இயல்பு. நாமும் அதையே செய்தோம். 2022 சூன் முதல் நாளில், மாதந்தோறும் வெளியே போன 36 இலட்சம் கோழிகளை நம் அரசு நிறுத்தியபோது, சிங்கப்பூரின் கோழிச்சோற்றுக் கடைகள் திகைத்தன. அன்று கதவை மூடிய கை நம்முடையது. மூடப்பட்ட கதவின்முன் நிற்பது எப்படியிருக்கும் என்பதை மறுமுறை நாம் கற்றோம்.

முதன்முறை கற்றவர்கள் நம் முன்னோர். போருக்கு முன் மலாயா தன் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் பெற்றது. சப்பானியர் காலத்தில் அவ்வழி அடைபட்டது. தோட்டத்து லயங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. என் பாட்டியார் இறுதிவரை அக்கிழங்கைத் தொட்டதில்லை. ஆனால் வீட்டுக்குப் பின்புறம் இரண்டு செடி நடாமல் இருந்ததுமில்லை. அவ்விரண்டு செடிக்குள் ஒரு பொருளாதார நூலே அடங்கியிருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கிற்று.

இறக்குமதியே கூடாது என்பது என் வாதமன்று. உள்நாட்டில் விளைவது மட்டும் போதாது என்பதற்குக் கேமரன் மலையே சான்று. 2020 மார்ச்சில் அங்கு விளைச்சல் இருந்தது. சந்தையும் போக்குவரத்தும் முடங்கியதால், உழவர் காய்கறிகளை டன் கணக்கில் கொட்டினர். ஆகவே நாடு மூன்றனைச் செய்தல் வேண்டும்: இன்றியமையாப் பொருளை ஓரளவேனும் இங்கே விளைத்தல், விளைந்ததைக் காக்கக் குளிரறையும் சந்தையும் அமைத்தல், வாங்குவதை ஒரே நாட்டிடம் வாங்காதிருத்தல். மார்டி ஆய்வு நிலையம் இம்மண்ணுக்கேற்ற சின்ன வெங்காய வகைகளை உருவாக்கியிருப்பது நல்ல தொடக்கம்.

இனி, ஆசிரியப் பெருமக்களே, நம் பங்கு யாது? தொல்காப்பியர் நிலத்திற்குரிய கருப்பொருளுள் உணவையும் வைத்தார். நாம் அதனைத் தேர்வுக்குப் பட்டியலாக்கினோம். வள்ளுவர் உழவுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். நாம் அதனை மனப்பாடப் போட்டியாக்கினோம். உழவைப் பாடும் மாணவன் விரலில் மண் ஒட்டியதில்லை. பள்ளித் தோட்டமோ, அதிகாரி வரும் நாளில் படம் பிடிக்கப் பச்சையாகிறது.

பிறரைச் சாடுமுன் என்னைச் சாடிக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்குமுன் என் பள்ளியின் காய்கறிப் பாத்தியை மூடி, வாகனம் நிறுத்தச் சிமெண்டுத் தளமிட ஒப்பமிட்டவன் நானே. அன்று எவரும் தடுக்கவில்லை. நானும் இருமுறை எண்ணவில்லை. இன்று அத்தளத்தின் ஓரத்தை உடைத்து மூன்று பாத்தி அமைத்துள்ளோம். வெண்டையும் மிளகாயும் காய்க்கின்றன. வேலியோரம் ஒரு பாச்சாங் கன்று நிற்கிறது.

மூன்று பாத்தி நாட்டைக் காவா, அறிவேன். ஆயினும் ஒரு கத்தரிக்காய்க்கு எத்தனை நாள் ஆகும் என்று அறிந்த பிள்ளை, ‘காசிருந்தால் எதுவும் கிடைக்கும்’ என்று நாளை எவர் சொன்னாலும் எளிதில் நம்பமாட்டான். அவனை வளர்ப்பது நம் கடன். மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று இன்றே தேடுங்கள்.