ரத்தம் எடுத்தது எப்போது?

ஓசூர் உழைப்பாளிகளின் ஊர். 1970-களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. இன்று லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று பலவும் அங்கே தயாராகின்றன. பல ஆலைகளில் இரவு பகலாக ஷிப்டு நடக்கிறது.

உடம்பு சரியில்லை என்றால் சிலர் ஓசூரிலேயே டாக்டரைப் பார்க்கிறார்கள். சிலர் கிருஷ்ணகிரிக்குப் போகிறார்கள். சிலர் பஸ் ஏறி, அத்திப்பள்ளியைத் தாண்டி, பெங்களூருக்கே போய்விடுகிறார்கள். அது சுமார் 40 கிலோ மீட்டர்தான்.

டாக்டர் ஓர் ஊரில், ரத்தப் பரிசோதனை இன்னோர் ஊரில் என்று இருப்பவர்கள் ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அதுதான் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை.

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆணின் விதைகளில் சுரக்கும் ஹார்மோன். மீசை, குரல், தசை, எலும்பின் பலம், இல்லற நாட்டம் ஆகிய எல்லாவற்றுக்கும் அது தேவை. நோயினால் அது குறைந்தவர்களுக்கு டாக்டர்கள் ஊசியாகவோ, தோலில் பூசும் ஜெல்லாகவோ கொடுக்கிறார்கள். திருநம்பிகளுக்கும் இது கொடுக்கப்படுகிறது.

மருந்து நல்லதுதான். ஆனால் ரத்தத்தைத் தவறான நேரத்தில் எடுத்தால், வரும் எண் டாக்டரையே ஏமாற்றிவிடும்!

முதல் ஊசிக்கு முன்

இந்த ஹார்மோன் தூக்கத்தில் ஏறும். காலையில் அதிகமாக இருக்கும். மாலையில் இறங்கும். ஆகவே காலை 7 மணி முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பார்த்தால் போதாது. வேறொரு நாள் காலையிலும் பார்க்க வேண்டும்.

இரவு ஷிப்டு முடிந்து, தூங்காத கண்ணோடு லேப்புக்குப் போகாதீர்கள். எண் குறைவாகக் காட்டக்கூடும். காய்ச்சல் அடிக்கும்போதும் அப்படியே. பகல் ஷிப்டு வாரத்தில், நன்றாகத் தூங்கி எழுந்து போவது நல்லது.

எல்.எச். என்ற மற்றொரு பரிசோதனையும் முதலிலேயே வேண்டும். கோளாறு விதையிலா, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலா என்பதை அது காட்டும். ஊசி போட்ட பிறகு எல்.எச். தானாகவே இறங்கிவிடும். அப்போது பார்த்துப் பயன் இல்லை.

தேதி முக்கியம்

மருந்து தொடங்கிய பிறகு கணக்கு மாறுகிறது. ஊசி போட்ட சில நாட்களில் எண் உச்சியில் நிற்கும். அடுத்த ஊசி நெருங்கும்போது அடியில் கிடக்கும். ஆள் ஒருவர்தான், மருந்தும் ஒன்றுதான். பார்த்த நாள்தான் வேறு.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடும் எனந்தேட், சிப்பியோனேட் ஊசி என்றால், இரண்டு ஊசிகளுக்கும் நடுவில், அதாவது ஏழாம் நாள் வாக்கில் பார்க்கலாம். சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அன்டெக்கனோயேட் ஊசி என்றால், அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு பார்க்க வேண்டும். ஜெல் என்றால், ஒரு வாரமாவது பூசிய பிறகு, பூசி 2 மணி முதல் 8 மணி நேரத்துக்குள் பார்க்கலாம். ஜெல் பூசிய கையில் ரத்தம் எடுக்க விடாதீர்கள். எண் பொய்யாக ஏறிவிடும்.

முடி வளர்வதற்காகச் சிலர் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் சில பரிசோதனைகளைக் கெடுக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்று எண், ஒரே அளவு

ஒரு லேப் 450 என்று எழுதும். இன்னொரு லேப் 4.5 என்று எழுதும். வேறொன்று 15.6 என்று எழுதும். மூன்றும் ஒரே அளவுதான்! முதலாவது, டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்பது. அடுத்தது மில்லிலிட்டர் கணக்கு. கடைசியானது லிட்டருக்கு நானோமோல் கணக்கு. இது தெரியாமல் 'ஆண்மை போய்விட்டது' என்று பயந்து, ஊசியைக் கூட்டச் சொல்லிக் கேட்பது விபரீதம்.

பரிசோதனை முறையும் லேப்புக்கு லேப் மாறுபடும். ஆகவே எப்போதும் ஒரே லேப்பில் பார்ப்பதே உத்தமம்.

ரத்தம் கெட்டியானால்?

இந்த மருந்து சிவப்பு அணுக்களைப் பெருக்கும். அளவு மீறினால் ரத்தம் கெட்டியாகும். ரத்தக் கட்டி உண்டாகும் அபாயமும் உண்டு. ஆகவே ஹெமட்டோகிரிட் பரிசோதனை அவசியம். மருந்துக்கு முன் ஒரு முறை, 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். 54 சதவீதத்தைத் தாண்டினால் டாக்டர்கள் மருந்தை நிறுத்திவைப்பது வழக்கம். நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் பிராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனை பற்றியும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் குடும்பத்தார் அறிய வேண்டும். இந்த மருந்து விந்தணுக்களைக் குறைத்துவிடும். குழந்தை வேண்டும் என்று காத்திருப்பவர்கள் முதலிலேயே அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். கணவன் உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு ஊசி போட்டுக்கொள்வான். பழி மனைவி மேல் விழும். இது என்ன நியாயம்?

லேப்புகள் செய்ய வேண்டியது

லேப் நடத்துவோருக்கு ஒரு வார்த்தை. 'கடைசி ஊசி என்று? எந்த மருந்து? இரவு ஷிப்டா?' என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுச் சீட்டிலேயே எழுதுங்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். மருந்தின் பெயர், ஊசி போட்ட தேதி, ரத்தம் எடுத்த தேதி, மணி. இந்த நாலும் போதும். எந்த மாநிலத்து டாக்டர் பார்த்தாலும் அவருக்கு உண்மை விளங்கும்.

காசு கொடுத்து எடுக்கும் பரிசோதனை உண்மையைச் சொல்ல வேண்டும். தேதி இல்லாத எண்ணை நம்பி மருந்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்!